மாலுமி என்றால் ஆசான்!

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் நோக்கிச் செல்வோர் ஓரிக்கையை அடுத்துப் பாலாற்றைக் கடக்கின்றனர். ஆறு என்பது பெயர். ஆண்டின் பெரும்பகுதியில் அங்கே கண்ணுக்குத் தெரிவது மணலும் முட்புதரும்தாம். நந்தி மலைப் பகுதியில் பிறந்து வயலூர் அருகே வங்கக் கடலில் கலக்கும் இந்த ஆறு, எப்போதாவது ஒருமுறைதான் தன் முழு உருவத்தைக் காட்டும். 2021 நவம்பரில் அப்படிக் காட்டியபோது இரு கரை மக்களும் மலைத்து நின்றனர்.

இப்பகுதியினர் தண்ணீரை அறியாதவர்கள் என்று சொல்லிவிட முடியாது. ஏரிகளை நம்பி வாழ்ந்த மண் இது. ஏரியைப் பராமரிக்க ‘ஏரி வாரியம்’ என்று தனிக் குழுவே இருந்ததை, பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கின்றன. ஆனால் ஏரி நீரைப் பாசனத்துக்குப் பங்கிடத் தெரிவது வேறு; அசையும் நீரின்மேல் அசையும் பலகையில் ஏறி அமர்வது வேறு. முன்னதில் ஆயிரமாண்டு அனுபவம் உடையோரும் பின்னதில் கைக்குழந்தைகளே!

பெருநாள் விடுமுறையிலும் கோடை விடுமுறையிலும் நம் உள்நாட்டு ஊர்களிலிருந்து குடும்பம் குடும்பமாக வேன்கள் புறப்படுகின்றன. முட்டுக்காடு, பழவேற்காடு, தேக்கடி, ஆலப்புழை என்று பயணங்கள் நீள்கின்றன. உம்மா, வாப்பா, பாட்டி, பேரக் குழந்தைகள் என அனைவரும் ஒரே படகில் ஏறுகிறார்கள். அவர்களுள் நீந்தத் தெரிந்தவர் எத்தனை பேர்? உயிர்காப்பு அங்கியின் வாரை எப்படிக் கட்டுவது என்று அறிந்தவர் எத்தனை பேர்? படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தால் என்ன செய்ய வேண்டும் என்று யாரேனும் அவர்களுக்குச் சொல்லியிருக்கிறார்களா?

இந்தக் கேள்விகளுக்கு விடை இல்லாமற்போன மூன்று நாட்களை நாம் மறக்கக்கூடாது.

மூன்று துயரங்கள்

2009 செப்டம்பர் 30. தேக்கடியில், பெரியாறு அணையின் நீர்த்தேக்கத்தில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் சென்ற ‘ஜலகன்யகா’ என்னும் இரண்டு தளப் படகு கவிழ்ந்தது. 45 பேர் உயிரிழந்தனர். கரையில் தென்பட்ட வனவிலங்குகளைக் காணும் ஆவலில் பயணிகள் ஒரே பக்கமாகத் திரண்டதும் படகு சாய்ந்ததற்கு ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. நிலத்தில் நிற்கும் மனிதன் எட்டிப் பார்ப்பதில் தவறில்லை. மேல்தளத்தில் பலர் ஒரே நேரத்தில் எட்டிப் பார்த்தால் படகு பொறுக்காது. அதனை அவர்கள் அறிந்திருக்கவில்லை.

2011 டிசம்பர் 25. பழவேற்காடு ஏரி. மரக்காயர்களின் கடல் வணிகத்தால் பெயர் பெற்ற பழம்பெரும் துறைமுகம் அது. விடுமுறையைக் கழிக்க வந்த உறவினர்கள் சென்ற படகு கவிழ்ந்து, பெண்களும் குழந்தைகளுமாக 22 பேர் மாண்டனர். மகிழ்வதற்காக ஒன்றுகூடிய குடும்பம், ஒரே நாளில் தன் உறுப்பினர்களை வரிசையாகப் பறிகொடுத்தது.

2023 மே 7. கேரளத்தின் மலப்புறம் மாவட்டம், தானூர் அருகே தூவல் தீரம் கடற்கரை. மாலை மங்கிய பின்னர், அளவுக்கு மீறிய கூட்டத்தை ஏற்றிக்கொண்டு சென்ற படகு கவிழ்ந்தது. இறந்த 22 பேரில் 15 பேர் குழந்தைகள். 11 பேர் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவர்கள். பெருநாள் முடிந்து இரண்டு வாரம்கூட நிறைவுற்றிருந்த நேரம் அது. பிள்ளைகளின் புத்தாடைகள் இன்னும் பழையதாகியிருக்க மாட்டா.

இம்மூன்றிலும் மாண்டவர்கள் துணிச்சல்காரர்கள் அல்லர். நீரோடு விளையாடப் போனவர்களும் அல்லர். ‘நமக்குத் தெரியாது, ஓட்டுபவருக்குத் தெரியும்’ என்று நம்பி ஏறியவர்கள். அந்த நம்பிக்கையைக் காக்கும் கடமை யாருடையது?

கீழ்த்தளத்தாரின் துளை

இக்கேள்விக்கான விடையைப் பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே ஒரு கப்பலை உவமையாக்கி விளக்கினார்கள் அண்ணல் நபி (ஸல்) அவர்கள். நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இந்நபிமொழி புகாரி ஷரீஃபில் இடம்பெற்றுள்ளது.

அதன் கருத்து இது: ஒரு கப்பலில் இடம்பிடிக்கச் சீட்டுக் குலுக்குகிறார்கள். சிலருக்கு மேல்தளமும் சிலருக்குக் கீழ்த்தளமும் கிடைக்கின்றன. கீழே இருப்பவர்கள் தண்ணீர் வேண்டும்போதெல்லாம் மேலே ஏறி வரவேண்டும். அது மேலே இருப்பவர்களுக்குத் தொல்லையாக இருக்கிறது. எனவே, நம் பகுதியிலேயே ஒரு துளை போட்டுக்கொண்டால் மேலே உள்ளவர்களுக்குத் தொல்லை தராமல் இருக்கலாமே என்று கீழ்த்தளத்தார் நினைக்கிறார்கள். மேலே உள்ளவர்கள் அவர்களை அப்படியே விட்டுவிட்டால் எல்லாரும் அழிவார்கள். கையைப் பிடித்துத் தடுத்துவிட்டால் எல்லாரும் பிழைப்பார்கள்.

இந்த உவமை பெரும்பாலும் தீமையைத் தடுக்கும் கடமைக்காகவே மேடைகளில் எடுத்துக்காட்டப்படுகிறது. அதில் ஒரு நுட்பம் உண்டு. துளையிட நினைத்தவர்கள் கெட்டவர்கள் அல்லர்! பிறருக்குத் தொந்தரவு கொடுக்கக்கூடாது என்ற நல்லெண்ணத்தோடுதான் அவர்கள் அந்த முடிவுக்கு வருகிறார்கள். அவர்களிடம் இல்லாதது நல்லெண்ணமன்று. நீரைப் பற்றிய அறிவு. அறியாமையால் ஆபத்தை நாடுவோரைக் கண்டு நகைப்பதும், ‘அவரவர் பாடு’ என்று ஒதுங்குவதும் மேல்தளத்தாருக்கு அனுமதிக்கப்படவில்லை. கையைப் பிடிப்பதே கடமை ஆகிறது.

ஆகவே, நீரில் தத்தளிப்பவருக்குச் செய்யும் முதல் உதவி, அவர் நீரில் விழுந்த பிறகு தொடங்குவதில்லை. கரையில், படகின் கயிறு அவிழ்வதற்கு முன்பே தொடங்குகிறது.

பெயரிலேயே பாடம்

படகோட்டியை நாம் ‘மாலுமி’ என்கிறோம். இச்சொல் அரபு மொழியின் ‘முஅல்லிம்’ என்ற சொல்லிலிருந்து வந்தது. முஅல்லிம் என்றால் கற்பிப்பவர், ஆசான் என்று பொருள். நட்சத்திரத்தையும் காற்றையும் நீரோட்டத்தையும் அறிந்து கப்பலுக்கு வழிகாட்டியவரை அரபுக் கடலோடிகள் ‘ஆசான்’ என்று அழைத்தார்கள். கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் நாகூரிலும் மரக்கலம் செலுத்திய நம் முன்னோரின் துறைகளில் வாழ்ந்த அந்தச் சொல், தமிழோடு தமிழாகக் கலந்துவிட்டது.

எத்துணைப் பொருத்தமான பெயர்! சுக்கானைப் பிடிப்பது மட்டுமே மாலுமியின் வேலையாக இருந்திருந்தால் அதற்குத் தகுந்த வேறு பெயர் அமைந்திருக்கும். தெரியாதவருக்குத் தெரிந்தவர் சொல்லித்தர வேண்டும் என்ற பொறுப்பு, அந்தத் தொழிலின் பெயரிலேயே பதிந்திருக்கிறது.

ஆகவே உல்லாசப் படகு ஓட்டுபவர், கட்டணத்தை எண்ணி வாங்குவதோடு தம் பணி முடிந்ததென எண்ணலாகாது. அங்கியைக் கையில் கொடுப்பதோடு நில்லாமல் வாரைக் கட்டிவிட வேண்டும். ‘எழுந்து நிற்காதீர்கள், ஒரே பக்கம் சாயாதீர்கள், குழந்தையை ஓரத்தில் அமர்த்தாதீர்கள்’ என்று புறப்படுமுன் சொல்ல வேண்டும். கூட்டம் மிகுந்தால், காற்று மாறினால், பொழுது சாய்ந்தால், ‘இன்று படகு இல்லை’ என்று சொல்லும் துணிவு வேண்டும்.

அப்படிச் சொல்பவருக்கு நன்றி கிடைப்பதில்லை, வசவுதான் கிடைக்கும். திருமறையின் கஹ்ஃபு அத்தியாயத்தில் கடலில் பாடுபட்டுப் பிழைக்கும் ஏழைகளின் மரக்கலத்தை ஹிள்ரு (அலை) அவர்கள் பழுதாக்கிய நிகழ்ச்சி வருகிறது. மூஸா (அலை) அவர்களே அதைக் கண்டு வியந்து ஆட்சேபித்தார்கள். நல்ல மரக்கலங்களையெல்லாம் அபகரிக்கும் அரசனிடமிருந்து அந்த ஏழைகளைக் காக்கவே அவ்வாறு செய்யப்பட்டது என்ற உண்மை பின்னர்தான் வெளிப்பட்டது. காப்பவரின் செயல், காக்கப்படுபவருக்கு இடையூறாகத் தோன்றுவதுண்டு. நம் விடுமுறை மகிழ்ச்சியைக் கெடுக்கிறாரே என்று படகோட்டியையோ காவலரையோ கடிந்துகொள்ளுமுன் இந்த வரலாறு நம் நினைவுக்கு வரவேண்டும்.

இந்தியாவில் 2021ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டம், பழைய 1917ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தைப் பிடித்தது. கலங்களைப் பதிவு செய்வது, தகுதிச் சான்று பெறுவது, உயிர்காப்புச் சாதனங்கள் வைத்திருப்பது ஆகியவற்றை அது வலியுறுத்துகிறது. சட்டம் ஏட்டில் இருக்கிறது. அதைக் கேட்டுப் பெறும் விழிப்பு பயணிகளிடம் இருக்க வேண்டும். அங்கி இல்லாத படகில் ஏற மறுப்பது அச்சமன்று, அறிவு.

நீரில் விழுந்துவிட்டால்

எச்சரிக்கையையும் மீறி விபத்து நேரக்கூடும். அப்போது உதவ முனைவோர் முதலில் அறிய வேண்டியது ஒன்று உண்டு. மூழ்குபவர் பெரும்பாலும் கூச்சலிடுவதில்லை. மூச்சுக்கே போராடுபவரிடம் குரலுக்கு இடமில்லை. வாய் நீர்மட்டத்தில் அமிழ்ந்து எழும், கைகள் பக்கவாட்டில் நீரை அழுத்தும், கண்கள் வெறிக்கும். ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிடலாம். சத்தம் இல்லை என்பதால் ஆபத்து இல்லை என்று எண்ணிவிடாதீர்கள்.

இரண்டாவது, நன்கு நீந்தத் தெரிந்து, பயிற்சியும் இல்லாதவர் நீரில் குதிக்கக்கூடாது. மூழ்குபவர் தம்மையறியாமல் காப்பவரின் கழுத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்வார். ஒருவரைக் காக்கச் சென்று இருவர், இருவரைக் காக்கச் சென்று நால்வர் என ஏரிகளிலும் குவாரிக் குட்டைகளிலும் ஒரே குடும்பத்தினர் மாளும் செய்திகளுக்குக் காரணம் இதுவே. நம்மை நாமே அழிவில் போட்டுக்கொள்ளக்கூடாது என்பது திருமறை காட்டும் நெறி.

அப்படியானால் கைகட்டி நிற்பதா? இல்லை. தரையில் படுத்துக்கொண்டு நீண்ட கழியை நீட்டலாம். வேட்டியையும் சேலையையும் முடிந்து கயிறாக்கி வீசலாம். மூடிய காலித் தண்ணீர்க் கேன், காற்றடைத்த டியூப், வாழைத்தண்டு, காய்ந்த சுரைக்குடுக்கை என மிதப்பது எதுவாயினும் எறியலாம். வீசும்போதே, ‘இதைப் பிடியுங்கள், காலை உதையுங்கள்’ என்று உரக்கச் சொல்ல வேண்டும். பீதியில் இருப்பவருக்குத் தெளிவான ஒரு சொல்லே பாதிக் கரை.

படகு கவிழ்ந்தால், நீரில் விழுந்தவர்கள் கரையை நோக்கி நீந்த முயலாமல் கவிழ்ந்த படகையே பற்றிக்கொள்ள வேண்டும். கரை கண்ணுக்கு அருகில் தெரியும், கைக்கு எட்டாது. மிதக்கும் படகு, தேடி வருவோர் கண்ணிலும் எளிதில் படும்.

உதவிக்கு வரும் படகு, மனிதர்களை நெருங்கியதும் இயந்திரத்தை நிறுத்திவிட வேண்டும்; சுழலும் விசிறி அலையைவிடக் கொடியது. ஒரே பக்கத்தில் பலரையும் இழுத்தால் காக்க வந்த படகும் கவிழும். முன்முனை வழியாகவோ பின்முனை வழியாகவோ ஒவ்வொருவராக ஏற்ற வேண்டும்.

கரை சேர்த்தவரைத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதும் வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பதும் தவறான பழக்கங்கள். பொன்னான நேரம் அவற்றில் வீணாகிறது. மூச்சு இல்லையெனில் உடனே வாயோடு வாய் வைத்து மூச்சு ஊத வேண்டும். பின்னர் மார்பின் நடுவில் 30 முறை அழுத்தமும் இரண்டு முறை மூச்சும் என்ற கணக்கில், 108 வண்டி வரும்வரை விடாமல் தொடர வேண்டும். கண் விழித்துப் பேசிவிட்டாலும் மருத்துவமனைக்குக் கொண்டு செல்வது அவசியம். நுரையீரலுக்குள் சென்ற நீர் சில மணி நேரம் கழித்தும் மூச்சைத் திணறவைக்கும்.

கடலில் ஆபத்து என்றால் இந்தியக் கடலோரக் காவல் படையின் 1554 என்ற எண்ணையும், தமிழகக் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093 என்ற எண்ணையும் அழைக்கலாம். இரண்டையும் பயணத்துக்கு முன்பே கைப்பேசியில் பதிந்துகொள்வது நலம்.

மார்க்கம் காட்டும் முன்னுரிமை

உதவிக்கு விரைவதில் நம்மவரிடையே எழும் தயக்கங்கள் சில உண்டு. மூழ்கிக்கொண்டிருப்பவர் அந்நியப் பெண். அவரைத் தொட்டுத் தூக்கலாமா? அவருக்கு வாயில் மூச்சு ஊதலாமா? மார்க்கச் சட்டத்தின் புகழ்பெற்ற விதி ஒன்று இதற்குத் தெளிவான விடை தருகிறது: நிர்ப்பந்தம், விலக்கப்பட்டதை அனுமதிக்கப்பட்டதாக்கும். உயிர் போகும் வேளையைவிடப் பெரிய நிர்ப்பந்தம் எது?

இன்னும் ஒரு படி மேலே சென்று நம் சட்டமேதைகள் எழுதியுள்ளார்கள். ஒருவர் தொழுதுகொண்டிருக்கும்போது மற்றொருவர் நீரில் மூழ்குவதைக் கண்டு, காப்பாற்றும் ஆற்றலும் தமக்கு இருந்தால், தொழுகையை முறித்துக்கொண்டு செல்வது அவர்மீது கடமையாகும். காப்பாற்றுவதற்காக நோன்பை விட நேர்ந்தாலும் விடலாம், பின்னர் நிறைவேற்றிக்கொள்ளலாம். படைத்தவனின் முன் நிற்கும் நேரத்தையே, படைப்பினத்தின் உயிருக்காக விட்டுச் செல்லச் சொல்லும் மார்க்கம் இது! ஓர் உயிரை வாழவைத்தவர் மனித இனம் முழுவதையும் வாழவைத்தவருக்கு ஒப்பாவார் என்று திருமறையின் மாயிதா அத்தியாயம் உணர்த்துவதன் பொருளும் இதுவன்றோ!

நீரில் மூழ்கி இறப்போருக்கு ஷஹீதின் நற்கூலி உண்டு என்று நபிமொழி ஆறுதல் கூறுகிறது. அது பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோரின் கண்ணீரைத் துடைக்க வந்த ஆறுதல். நம் அலட்சியத்துக்கு அதையே போர்வையாக்கிக்கொள்வது, அந்த ஆறுதலை அவமதிப்பதாகும். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவன்மீது பொறுப்புச் சாட்டச் சொன்ன நபியின் உம்மத்து, அங்கியைக் கட்டிவிட்டுப் படகில் ஏறட்டும்!

முதுகைப் படியாக்கியவர்கள்

கடலறிந்தோர் கடலறியாதாருக்குக் கைகொடுத்த வரலாறும் நம் கண்முன் உண்டு. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மிதந்தபோது, மீனவர்கள் தம் படகுகளை லாரிகளில் ஏற்றி வந்து தெருக்களில் இறக்கினார்கள். பள்ளிவாசல்கள் சமய வேறுபாடின்றி எல்லாருக்கும் திறந்துவிடப்பட்டன.

2018 ஆகஸ்டில் கேரளம் மூழ்கியபோது, அழைப்பை எதிர்பாராமல் புறப்பட்ட மீனவர்கள் சுமார் 65,000 பேரைக் காப்பாற்றியதாக மதிப்பிடப்பட்டது. அவர்களுள் தானூர்ப் பகுதி மீனவர் ஒருவர், படகில் ஏற இயலாமல் தவித்த பெண்களுக்காக வெள்ளநீரில் மண்டியிட்டுக் குனிந்து, தம் முதுகையே படியாக்கினார். அந்தக் காட்சியை நாடே கண்டது. ‘உங்களுக்கு ஏறத் தெரியவில்லையே’ என்று அவர் சலித்துக்கொள்ளவில்லை. ஏறத் தெரியாதவருக்கு ஏணியானார். ஐந்தாண்டுகள் கழித்து அதே தானூர்க் கரையில் 22 உயிர்கள் போயின. விழுந்த பிறகு காக்கும் வீரம் அக்கரையில் நிறைந்திருந்தது. ஏறுமுன் தடுக்கும் கைதான் இல்லாமற்போனது.

உலக நெறியும் இதையே சொல்கிறது. கடலில் ஆபத்தில் இருப்போருக்கு, தம் கலத்துக்கும் அதிலுள்ளோருக்கும் பெருங்கேடு வராத வகையில் உதவுவது கப்பல் தலைவரின் கடமை என்று 1982ஆம் ஆண்டின் ஐ.நா. கடற்சட்ட உடன்படிக்கை விதித்துள்ளது. பொருளை மீட்டவருக்குக் கூலி உண்டு. ஆனால் உயிர் மீட்கப்பட்டவரிடம் கூலி கேட்க உரிமையில்லை என்பது 1989ஆம் ஆண்டின் கடல் மீட்பு உடன்படிக்கையின் விதி. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021இல் மட்டும் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தனர். இந்தப் பெருந்துயரை உலகுக்கு உணர்த்தவே, ஜூலை 25ஆம் நாளை நீரில் மூழ்குதல் தடுப்பு நாளாக ஐ.நா. பொதுச்சபை 2021இல் அறிவித்தது.

நம் ஊர்களில் தொடங்குவோம்

ஓரிக்கை போன்ற உள்நாட்டு ஊர்கள் இதில் என்ன செய்யக்கூடும்? நிறையச் செய்யலாம்.

பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுக்கொடுங்கள் என்பது உமர் (ரலி) அவர்களின் அறிவுரையாகக் கூறப்படுகிறது. ஊர்க் கிணற்றில் சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொண்டு நீச்சல் பழகிய தலைமுறை மறைந்துவருகிறது. ஆண் பிள்ளைகளுக்கு மட்டுமன்று, தகுந்த ஏற்பாட்டோடு பெண் பிள்ளைகளுக்கும் நீச்சல் கற்பிக்க வேண்டும். 2004 ஆழிப்பேரலையில் கடலோர ஊர்கள் பலவற்றில் ஆண்களைவிடப் பெண்களே மிகுதியாக மாண்டதற்கு, நீந்தத் தெரியாததும் ஒரு காரணம்.

ஜமாஅத்தின் சார்பிலோ மதரஸாவின் சார்பிலோ சுற்றுலா புறப்படும்போது, செலவுக் கணக்கோடு நீர்ப் பாதுகாப்புக்கும் ஒருவரைப் பொறுப்பாளராக்கலாம். படகில் எத்தனை பேர் ஏறலாம், அங்கிகள் எத்தனை உள்ளன என்று கேட்பதும், ‘இதில் ஏற வேண்டாம்’ என்று சொல்வதும் அவருடைய உரிமையாக இருக்கட்டும். அவர் சொல்லுக்கு ஏனையோர் கட்டுப்படட்டும். ஏரிக்கரையிலும் ஆற்றோரத்திலும் ஒரு நீண்ட கழி, ஒரு கயிறு, ஒரு மிதவை ஆகிய மூன்றை நிறுத்திவைக்க ஊராட்சியோடு இணைந்து முயலலாம். அதற்காகும் செலவு சிறிது. அதனால் பிழைக்கும் ஓர் உயிருக்கோ விலையே இல்லை. ஜும்ஆ மேடையில் ஆண்டுக்கு ஒருமுறை, பருவமழைக்கு முன்னர், இப்பொருள் பற்றிப் பேசப்படட்டும்.

அறிந்தவர் அறியாதவருக்கு ஆசானாக நிற்பதே மாலுமி என்ற சொல்லின் பொருள். அப்பெயருக்கு உரியவராக இருக்கப் படகு வேண்டியதில்லை. கரையில் நின்று ஒரு கையைப் பிடித்துத் தடுப்பவரும் மாலுமியே.

கடலை நமக்கு வசப்படுத்தித் தந்த வல்ல அல்லாஹ், அதன் ஆபத்துகளிலிருந்து நம் குடும்பங்களைக் காத்து, பிறரைக் காக்கும் அறிவையும் ஆற்றலையும் நமக்குத் தந்தருள்வானாக! ஆமீன்.